ஆபிரிக்கச் சீட்டும் அயலவர் சாவும்

எங்கட ஊரில் மெலிந்த பிள்ளையைக் கண்டால் "என்ன, எதியோப்பியாவிலயிருந்து வந்த மாதிரி இருக்கிறாய்" என்று பகிடி பண்ணுகிற பழக்கம் ஒன்று இருந்தது. எண்பதுகளில் வளர்ந்தவர்களுக்கு இது நல்லாகத் தெரிந்திருக்கும். 1984-85 பஞ்சத்தின் படங்கள் பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்த காலம். 1985 யூலை 13ஆம் திகதி லண்டனிலும் பிலடெல்பியாவிலும் 'லைவ் எய்ட்' என்ற பெரிய இசைநிகழ்ச்சிகளை நடத்தி எதியோப்பியாவுக்குக் காசு சேர்த்தார்கள். உலகம் கொடுத்தது, எதியோப்பியா வாங்கியது. எங்களில் பலருக்குத் தெரிந்த கதை அவ்வளவுதான்.

அதே 1985இல் நடந்த இன்னொரு கொடுக்கல் வாங்கல் பலருக்குத் தெரியாது. செப்ரெம்பர் 19ஆம் திகதி மெக்சிக்கோ நகரத்தில் பெரிய பூமியதிர்ச்சி. ஆயிரக்கணக்கான சனம் செத்தது. அப்போது எதியோப்பியச் செஞ்சிலுவைச் சங்கம் மெக்சிக்கோவுக்கு 5000 டொலர் அனுப்பியது. சொந்த நாட்டில் சனம் பட்டினி கிடக்கும்போது! காரணம் இதுதான். 1935இல் முசோலினியின் இத்தாலி எதியோப்பியா மீது படையெடுத்தபோது, எதியோப்பியாவுக்காக உலக அரங்கில் குரல் கொடுத்த சில நாடுகளில் மெக்சிக்கோவும் ஒன்று. ஐம்பது வருசம் கழித்து அந்தக் கைமாறு திரும்பிப் போனது.

5000 டொலர் பூமியதிர்ச்சிக்கு எந்த மூலைக்கு என்று கேட்கலாம். ஆனால் அந்தக் காசுக்கு ஒரு பொருள் இருக்கிறது. 'நாங்கள் கையேந்துகிறவர்கள் அல்ல, முறை பார்த்துச் செய்கிறவர்கள்' என்பதே அது. தர்மம் மேலேயிருந்து கீழே விழும். முறை என்பது வட்டம் சுற்றும். இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு. ஆபிரிக்க மக்களின் கொடுக்கல் வாங்கலைப் புரிந்துகொள்ள இந்த ஒரு வித்தியாசம் தெரிந்தால் போதும் என்று நினைக்கிறேன். ஆனால் அந்த வட்டம் யார் யாரைச் சேர்த்துப் போடப்பட்டது என்பது அதைவிட முக்கியமான கேள்வி. அதற்குப் பிறகு வருகிறேன்.

அகராதியில் இருந்த சீட்டு

நைஜீரியாவின் தென்மேற்கில் வாழும் யொருபா மக்களிடம் 'எசுசு' என்றொரு ஏற்பாடு உண்டு. பத்துப் பேரோ இருபது பேரோ சேர்வார்கள். குறித்த நாளில் ஆளுக்கு ஒரே தொகை போடுவார்கள். சேர்ந்த காசு முழுக்க ஒருவருக்கு. அடுத்த தவணை இன்னொருவருக்கு. எல்லோரும் ஒரு தடவை எடுத்து முடிய வட்டம் நிறையும். 'இது எங்கட சீட்டுத்தானே' என்று வாசிக்கிற உங்களுக்குச் சொல்லத் தோன்றும். ஓம், அதேதான். எங்கட ஏலச்சீட்டில் போலக் கழிவு கூறி எடுக்கிற வழக்கம் மட்டும் அதில் இல்லை. முதலில் எடுப்பவரும் கடைசியில் எடுப்பவரும் ஒரே தொகைதான் எடுப்பார்கள்.

இது எவ்வளவு பழையது? 1843இல் வெளிவந்த யொருபாச் சொல்லகராதி ஒன்றிலேயே இந்தச் சொல் இருக்கிறது. அந்த அகராதியைத் தொகுத்தவர் சாமுவேல் அஜாயி குரோதர். சிறுவனாக இருந்தபோது 1821 அளவில் இவரைப் பிடித்து அடிமையாக விற்றார்கள். 1822இல் அவரை ஏற்றிச் சென்ற கப்பலைப் பிரித்தானியக் கடற்படை மறித்து, உள்ளே இருந்தவர்களைச் சியராலியோனில் இறக்கி விட்டது. பின்னாளில், 1864இல், அங்கிலிக்கன் திருச்சபையின் முதலாவது ஆபிரிக்க ஆயர் ஆனவரும் இவர்தான். வீடும் ஊரும் பறிபோன ஒருவர், தன் தாய்மொழிச் சொற்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எழுதும்போது அதில் சீட்டும் இருந்தது.

குரோதர் தப்பினார். தப்பாதவர்கள் அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தாண்டி கரீபியன் தீவுகளுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெயரை மாற்றினார்கள், மொழியை மறக்கடித்தார்கள், ஒரே குடும்பத்தைப் பிரித்துப் பிரித்து விற்றார்கள். ஆனால் டிரினிடாட்டில் இன்றைக்கும் சீட்டுக்குப் பெயர் 'சுசு'. அது யொருபா எசுசுவின் வழி வந்தது என்று வில்லியம் பாஸ்கொம் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 1952இல் எழுதினார். பார்படோசில் இதை 'மீற்றிங் ரேர்ண்' என்பார்கள், கயானாவில் 'பொக்ஸ் ஹான்ட்', ஜமெய்க்காவில் 'பாட்னர்'.

1948 யூன் மாதம் 'விண்ட்ரஷ்' கப்பல் லண்டனுக்கு அருகே ரில்பரியில் வந்து நின்றது. அதில் வந்தவர்களோடும் பின்னால் வந்தவர்களோடும் இந்தப் பாட்னரும் வந்தது. வாடகை வீட்டு யன்னல்களில் கறுப்பர்களுக்கு இடமில்லை என்று அட்டை தொங்கிய காலம். வீட்டுக்கடன் கேட்டால் கிடைக்காத காலம். வாராவாரம் பாட்னர் போட்டு, முறை வந்ததும் எடுத்து, அந்தக் காசை முற்பணமாகக் கட்டி அவர்களில் பலர் லண்டனில் வீடு வாங்கினார்கள். காசைச் சேர்த்துக் கணக்கு வைத்திருந்தவரை 'பாங்கர்' என்று அழைத்தார்கள். எங்கட பாசையில் சொன்னால் தாச்சி. பெரும்பாலும் அவர் ஒரு பெண்ணாகவே இருந்தார். பகலில் ஆஸ்பத்திரியில் தரை துடைத்துவிட்டு, பின்னேரம் கொப்பியில் கணக்கு எழுதிய வங்கியாளர்! நாற்பது வருசம் கழித்து அதே நகரத்தில் எங்கட சனமும் சீட்டுப் பிடித்து அதே மாதிரி வீட்டுக்கு முற்பணம் கட்டியது. ஒருவரைப் பார்த்து மற்றவர் படித்ததில்லை. ஒரே கதவு இரண்டு பேருக்கும் பூட்டியிருந்தது, அவ்வளவுதான்.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கப்பலில் வந்தவர்களுக்கு இரத்த உறவு மிச்சமிருக்கவில்லை. பக்கத்துக் குடிசையில் இருந்தவர் வேறு மொழி பேசிய வேறு இனத்தவராக இருந்திருப்பார். ஆகவே அவர்களின் வட்டம் அயலவர்களைக் கொண்டுதான் போடப்பட்டது.

எக்காளம் ஊதினால்

பல வருசத்துக்கு முன் என்னோடு பெற்றோல் நிலையம் ஒன்றில் இரவு வேலை செய்த எதியோப்பியர் ஒருவர் இருந்தார். சம்பளம் கைக்கு வந்ததும் ஒரு சின்னத் தொகையை எடுத்துத் தனியே வைப்பார். என்னத்துக்கு என்று கேட்டேன். "நான் சாகிறதுக்கு" என்றார். மனுசனுக்கு ஏதோ வருத்தம் போல என்று பயந்துபோனேன். பிறகுதான் 'இத்திர்' பற்றிச் சொன்னார்.

இத்திர் என்பது எதியோப்பியாவின் மரண சகாய சங்கம். அடிஸ் அபாபா 1880களில் உருவான நகரம். நாலா பக்கத்திலிருந்தும் பிழைப்புத் தேடி வந்த சனத்தால் நிறைந்தது. குறிப்பாக, தெற்கேயிருந்து வந்து சிறு வியாபாரமும் கூலிவேலையும் செய்த குராகே மக்களிடம், 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இது தொடங்கியது என்பார்கள். ஊரில் செத்தால் உறவு தூக்கும். நகரத்தில் செத்தால் யார் தூக்குவது? அந்தக் கேள்விக்கான பதில்தான் இத்திர். 1936 முதல் 1941 வரையான இத்தாலிய ஆக்கிரமிப்புக் காலத்தில், சனம் சிதறிக் கிடந்தபோது, இது இன்னும் பரவியது.

மாதம் ஒரு சிறு தொகை. சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு பெரிய கூடாரம், வாங்குகள், கிடாரங்கள், கோப்பைகள். யாராவது செத்தால் அதிகாலையில் ஒருவர் எக்காளம் ஊதிக்கொண்டு தெருத் தெருவாகப் போய் அறிவிப்பார். உடனே கூடாரம் வந்து செத்தவீட்டு வாசலில் எழும்பும். சவ அடக்கச் செலவுக்குக் காசு கொடுக்கப்படும். வந்தவர்களுக்குச் சாப்பாடு. மூன்று நாள் உறுப்பினர்கள் கூடாரத்தில் வந்து குந்தியிருக்க வேண்டும். வராவிட்டால் தண்டப்பணம்! காசு கட்டியதோடு கடமை முடிந்தது என்று வீட்டில் படுத்திருக்க முடியாது.

துக்கத்துக்குத் தண்டப்பணம் போடுவதா என்று எனக்கு முதலில் சிரிப்பாக இருந்தது. யோசித்தால் அதில்தான் விசயமே இருக்கிறது. பரஸ்பர உதவி என்றதும் நாங்கள் நல்ல மனது, இரக்கம் என்று பேசத் தொடங்கிவிடுவோம். இத்திருக்கு உங்கள் மனதைப் பற்றிக் கவலை இல்லை. அதற்கு எழுதிய விதி இருக்கிறது, வரவுப் பதிவு இருக்கிறது, தெரிவு செய்யப்பட்ட நிர்வாகம் இருக்கிறது. உங்களுக்குச் செத்தவரைப் பிடிக்காமல் இருக்கலாம். இருந்தாலும் வந்து இருக்கத்தான் வேண்டும். நம்பிக்கை கணக்குக் கொப்பியில்தான் வளர்கிறது.

இத்திரில் பல வகை உண்டு. வேலைத்தலத்துக்கு ஒன்று, ஓர் ஊரிலிருந்து வந்தவர்களுக்கு ஒன்று என்று. ஆனால் பரவலாக இருப்பது அயலுக்கான இத்திர். ஒரே குறிச்சியில் இருக்கிற அம்ஹாராவும் ஒரோமோவும் குராகேயும், கிறிஸ்தவரும் முஸ்லிமும் ஒரே சங்கத்தில் இருப்பதுண்டு. கட்டுவதும் ஒரே தொகை, எழும்புவதும் ஒரே கூடாரம். மாதச் சந்தாவைக்கூடக் கட்ட முடியாத பரம ஏழைகள் வெளியே நின்றுவிடுகிறார்கள் என்பது இதன் குறை. அதை மறைக்கத் தேவையில்லை.

2000ஆம் ஆண்டை அண்டிய காலத்தில் எயிட்ஸ் நோயால் சாவுகள் கூடியபோது இத்திர்கள் திணறின. கூடாரத்தை மடித்து வைக்க முடியாத அளவுக்குச் செத்தவீடுகள். அப்போது பல சங்கங்கள் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொண்டன. செத்த பிறகு கொடுக்கிற காசை உயிரோடு இருக்கும்போதே கொடுத்தால் என்ன? நோயாளிகளைப் பார்ப்பதும் தாய் தகப்பனை இழந்த பிள்ளைகளுக்கு உதவுவதும் இத்திர்களின் வேலையானது. வெளியேயிருந்து வந்த நிறுவனங்களும் அவர்களோடு சேர்ந்து வேலை செய்தன.

பாட்டனின் பெயர் என்ன?

எதியோப்பியாவுக்குப் பக்கத்தில் சோமாலியா. அங்கே வட்டம் வேறு மாதிரிப் போடப்பட்டது.

சோமாலிகளிடம் கொடுப்பதற்குப் பல வழி உண்டு. பெண்கள் சேர்ந்து பிடிக்கும் சீட்டு 'ஹக்பாத்'. இத்தாலிய மொழியின் உதவி என்ற சொல்லிலிருந்து வந்த 'அயூத்தோ' என்ற பெயரும் அதற்கு உண்டு. குலத்தில் ஒருவருக்குக் கஷ்டம் என்றால் எல்லோரிடமும் சேர்க்கும் காசு 'கராான்'. இவற்றையெல்லாம் கடல் தாண்டிக் கொண்டுபோனது ஹவாலா. எங்கட பாசையில் உண்டியல்.

1988இல் சியாத் பாரேயின் படைகள் வடக்கே ஹர்கெய்சா, புராவோ நகரங்களைக் குண்டு போட்டு அழித்தன. இலட்சக்கணக்கில் சனம் எல்லை தாண்டி எதியோப்பிய முகாம்களுக்கு ஓடியது. 1970இல் புராவோவில் 'தஹப்ஷீல்' என்ற வியாபாரத்தைத் தொடங்கிய முகமட் சயிட் டுவாலேயும் அப்படி ஓடியவர்தான். எல்லாவற்றையும் இழந்து, அகதிகளுக்குக் காசு வந்து சேர வழி செய்து, மறுபடி எழும்பினார். 1991இல் அரசே விழுந்தது. மத்திய வங்கி இல்லை, தபால் இல்லை. ஆனால் லண்டனில் கட்டிய காசு பாலைவனத்து ஊரில் ஓரிரு நாளில் கைக்குக் கிடைத்தது. முதலில் வானொலித் தொடர்புக் கருவியில் செய்தி போகும், பிறகு பக்ஸ், ரெலிபோன். வாங்க வருபவரிடம் அடையாள அட்டையா இருக்கும்? என்ன குலம், தகப்பன் யார், பாட்டன் யார் என்று கேட்பார்கள். பரம்பரைதான் அடையாள அட்டை.

2001 நவம்பர் 7ஆம் திகதி அமெரிக்கா, அப்போது சோமாலியாவின் மிகப்பெரிய உண்டியல் நிறுவனமாக இருந்த 'அல்-பரக்காத்'தைப் பயங்கரவாதத்துக்குக் காசு அனுப்புவதாகச் சொல்லி முடக்கியது. அலுவலகங்கள் சோதனையிடப்பட்டன, கணக்குகள் உறைந்தன, வழியிலிருந்த சனத்தின் காசும் சேர்ந்து உறைந்தது. 2004இல், செப்ரெம்பர் 11 தாக்குதலை விசாரித்த ஆணைக்குழுவின் ஆய்வாளர்களே, அந்தத் தாக்குதலுக்குப் பரக்காத் காசு கொடுத்ததற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்று எழுதினார்கள். சுவீடனில் இருந்த பரக்காத் அமைப்பு தொடுத்த வழக்கில், தன் பக்க நியாயத்தைச் சொல்ல அதற்கு இடம் கொடுக்கப்படவில்லை என்று 2008 செப்ரெம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நியாயம் கிடைக்க ஏழு வருசம். மறுபடியும் 2013இல் பிரித்தானியாவின் பார்க்ளேஸ் வங்கி உண்டியல் நிறுவனங்களின் கணக்குகளை மூட முற்பட, தஹப்ஷீல் நீதிமன்றம் போய் நவம்பரில் இடைக்காலத் தடை வாங்கவேண்டி வந்தது. சோமாலிகள் வெளிநாட்டிலிருந்து அனுப்புவது ஆண்டுக்கு 100 கோடி டொலருக்கும் மேல் என்று மதிப்பிட்டிருந்த காலம் அது. தாய்க்கு அரிசி வாங்க அனுப்பும் காசு, வங்கியின் கண்ணுக்கு ஆபத்தான காசு. இதை எங்களுக்கு விளக்கத் தேவையில்லை.

வட்டத்துக்கு வெளியே

இவ்வளவும் எழுதிவிட்டு 'ஆகா, என்ன ஒற்றுமை' என்று முடித்திருக்கலாம். ஆனால் 2011 வந்தது.

அந்த ஆண்டு யூலை 20ஆம் திகதி தென் சோமாலியாவின் சில பகுதிகளில் பஞ்சம் என்று ஐ.நா. அறிவித்தது. 2010 ஒக்ரோபரிலிருந்து 2012 ஏப்ரல் வரை இறந்தவர்கள் ஏறத்தாழ 258,000 பேர் என்று 2013இல் வந்த ஆய்வு கணக்கிட்டது. பாதிக்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். மழை பொய்த்தது, உணவு விலை ஏறியது, அல்-ஷபாப் பல உதவி நிறுவனங்களைத் தடை செய்தது, மேற்கு நாடுகளின் பயங்கரவாதத் தடைச் சட்டங்களுக்குப் பயந்து உதவியும் சுருங்கியது. இவையெல்லாம் காரணம். ஆனால் யார் அதிகமாகச் செத்தார்கள் என்று பார்த்தால், ஆற்றங்கரைகளில் விவசாயம் செய்த ரஹன்வெயின் குலத்தவரும் சோமாலி பன்டு மக்களும். இந்தப் பன்டு மக்களில் பலர் 19ஆம் நூற்றாண்டில் கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வம்சம். அவர்களுக்கு லண்டனிலோ மினியாப்பொலிசிலோ உறவு மிகக் குறைவு. உண்டியலில் காசு வந்தது. அவர்களின் பெயருக்கு வரவில்லை. பாட்டனின் பெயரைச் சொன்னால் காசு கிடைக்கும் ஏற்பாட்டில், அவர்களின் பாட்டனின் பெயரை யாரும் கேட்கவில்லை.

கொடுத்த சோமாலிகளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. இரண்டு வேலை செய்து, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அனுப்பிய காசு அது. அது இல்லாவிட்டால் இன்னும் எத்தனையோ ஆயிரம் செத்திருக்கும். ஆனால் இரத்தத்தால் போட்ட வட்டம் இரத்தம் முடிகிற இடத்தில் நின்றுவிடும். அயலால் போட்ட வட்டம் இன்னும் கொஞ்சத் தூரம் போகும். இத்திருக்கும் ஹவாலாவுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் படுவது இதுதான்.

இன்றைக்குச் சூடானைப் பாருங்கள். அங்கே 'நபீர்' என்று பழைய வழக்கம் ஒன்று உண்டு. அறுவடைக்கோ வீடு கட்டவோ அழைத்தால் ஊரே கைகொடுக்கும். 2013இல் கார்ட்டூமில் வெள்ளம் வந்தபோது இளைஞர்கள் அதே பெயரில் சேர்ந்து நிவாரணம் செய்தார்கள். 2023 ஏப்ரல் 15ஆம் திகதி இராணுவமும் துணைப்படையும் சண்டை தொடங்க, அயலட்டைப் பெடி பெட்டைகள் 'அவசர உதவி அறைகள்' என்று அமைத்துக்கொண்டார்கள். தெருவுக்குத் தெரு பொதுச் சமையல், மருந்து, சனத்தை வெளியேற்றுவது. வெளிநாட்டுச் சூடானியர் காசு அனுப்பினார்கள். அது ஒரு வீட்டு அடுப்புக்குப் போகாமல் தெருவின் கிடாரத்துக்குப் போனது. 2025இல் இவர்களுக்கு 'மாற்று நோபல்' என்று சொல்லப்படும் ரைற் லைவ்லிஹூட் விருது கிடைத்தது. அதே 2025இன் தொடக்கத்தில் அமெரிக்கா உதவியை நிறுத்தியபோது நூற்றுக்கணக்கான சமையற்கூடங்கள் மூடப்பட்டன என்பதையும் சொல்ல வேண்டும். சனம் தானே பார்த்துக்கொள்ளும் என்று அரசுகள் கையைக் கழுவ இதெல்லாம் சாட்டு அல்ல.

எங்களிடமும் சங்கங்களுக்குக் குறைவில்லை. ஊருக்கு ஒன்று, பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று. ஒரே ஊருக்கே இரண்டு இருந்தால் ஏன் இரண்டு என்று கேட்கக்கூடாது, எல்லோருக்கும் காரணம் தெரியும். 2009க்குப் பிறகு வெளிநாட்டில் ஆள் இருந்த வீடு ஓரளவு நிமிர்ந்தது. ஆள் இல்லாத வீடு அப்படியே கிடந்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வேலிதான். பள்ளிக்கூடத்துக்கு மண்டபம் கட்டினோம், கோயிலுக்குக் கோபுரம் கட்டினோம். அந்த வேலிக்கு அப்பால் இருந்தவருக்கு யார் முறை வைத்திருந்தார்கள்?

அடிஸ் அபாபாவில் எக்காளம் ஊதுகிறவர் யார் வீட்டில் சாவு என்று மட்டும்தான் சொல்லிக்கொண்டு போவார். கேட்டவர்கள் வாங்கைத் தூக்கிக்கொண்டு வரவேண்டியதுதான். அடுத்த சங்கக் கூட்டத்தில் வரவு செலவு வாசித்து முடிந்ததும், வெளிநாட்டில் ஒருவருமே இல்லாத வீடுகள் எங்கட குறிச்சியில் எத்தனை என்று யாராவது எழும்பிக் கேளுங்கள். ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினால் போதும். இத்திரும் சீட்டும் அப்படி ஒரு கொப்பியில் தொடங்கியவைதான்.